மனையலங்காரமும் வாய்மையும்

விருந்தினர் வருகின்றார் என்று அறிந்ததும் வீட்டைக் கூட்டித் துடைத்து, நாற்காலிகளை நேராக்கி, கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளறையில் வைப்பது எல்லா நாட்டு மக்களுக்கும் இயல்பு. அதனைப் பொய் என்று எவரும் இகழ்வதில்லை. விருந்தோம்பலின் முதற்படி என்றே போற்றுவர். ஆனால், வீட்டை விற்க நினைக்கும் ஒருவர், வாங்க வருபவரின் கண்ணுக்காக இதே செயலைச் செய்தால் அதனை எவ்வாறு மதிப்பது? கை ஒன்று, செயல் ஒன்று, நோக்கம் மட்டுமே வேறு. நோக்கம் மாறியதனால் செயலின் அறமும் மாறிவிடுமோ?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. விற்பனைக்கு நிற்கும் வீட்டைத் தளவாடங்களால் ஒப்பனை செய்து காட்டுவது, 1970களில் அமெரிக்காவில் தனியொரு தொழிலாகத் தலையெடுத்தது. நாடக மேடையை அமைப்பது போல வீட்டை அமைப்பது என்னும் கருத்திலேயே அதற்குப் பெயரும் இடப்பட்டது. மிகுதியான பொருள்களை அகற்றுதல், வாயிலை மறைக்கும் பெரிய அலமாரியை வேறு சுவருக்கு மாற்றுதல், சன்னலுக்கு எதிரே கண்ணாடி வைத்து வெளிச்சத்தைப் பெருக்குதல், சுவருக்கு வெளிர்நிறம் பூசுதல், குடும்பப் படங்களைக் கழற்றி வைத்தல் ஆகியன அத்தொழிலின் அரிச்சுவடி. இன்று மலேசியாவில், வீடமைப்பு நிறுவனங்கள் எழுப்பும் மாதிரி வீடுகளிலும் அக்கலையைக் காணலாம்.

எனினும், பிறர் கண்ணுக்காகத் தளவாடங்களை அடுக்குவது மலாக்காவுக்குப் புதிதன்று. டச்சுக்காரர் காலத்தில் ‘பெருமக்கள் தெரு’ என்று பொருள்பட ஹீரன் தெரு எனப்பட்டு, இன்று துன் டான் செங் லோக் சாலை என வழங்கும் வீதியில் பாபா செல்வர்களின் இல்லங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்கூடத்தில் முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகள் இருபுறமும் அணிவகுத்திருக்கும். அதற்கப்பால் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தட்டி. தட்டிக்குப் பின்னே உள்கூடம். அக்காலத்தில் வீட்டுப் பெண்கள் அங்கு நின்று, வந்தவர் கண்ணில் படாமலே வந்தவரைப் பார்த்து வந்தனர். முன்கூடம் பெருமையைக் காட்டவே அமைந்தது என்பது வீட்டாருக்கும் தெரியும், விருந்தினருக்கும் தெரியும். இருவரும் அறிந்த ஒப்பனையில் வஞ்சனை இல்லை.

காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளின் வழக்கம் இதனினும் ஆழமானது. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வணிகத்தின்பொருட்டு இங்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் மலாய் பேசினாலும் சைவ சமயத்தைக் கைவிடாதவர்கள். முன்னோரை நினைத்துச் செய்யும் ‘பார்ச்சு’ படையலின்போது, கூடத்தில் விளக்கேற்றி, வாழையிலை விரித்து, உணவு வகைகளை வரிசையாகப் படைப்பர். வருபவர் கண்ணுக்குப் புலப்படாத முன்னோர். அவர்களுக்காகவும் வீடு ஒழுங்குபெறுகின்றது. இடத்தை ஒழுங்கு செய்வது வருபவருக்குச் செய்யும் மரியாதை என்னும் உண்மையை இதனின்றும் உணரலாம்.

அவ்வாறாயின் ஒப்பனை அனைத்தும் குற்றமற்றதோ? இங்குதான் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவரின் வெடிப்பை மறைக்க அதன்முன் அலமாரியை நிறுத்துபவர் உண்டு. அமிழ்ந்த தரையின்மேல் கம்பளம் விரிப்பவர் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவர்களில் நிலத்தின் ஈரம் மேலேறும். அதன்மேல் ஈரத்தை வெளிவிடாத புதுச் சாயத்தைப் பூசினால் சில மாதங்களுக்குச் சுவர் புதுமணப்பெண்போல் பொலியும். பின்னர்ச் சாயம் உப்பி உரியும். அப்போது விற்றவர் அங்கிருக்க மாட்டார்.

நாட்டின் சட்டமும் இவ்வேறுபாட்டைக் கண்டிருக்கின்றது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உண்மையை அறிந்த ஒருவர் ஏமாற்றும் எண்ணத்துடன் அதனை முனைந்து மறைப்பதை மோசடி என்கின்றது. ஆனால், வெறுமனே வாய் திறவாதிருப்பதைப் பொதுவாக மோசடி எனக் கொள்வதில்லை. வாங்குபவர் இயல்பான கவனத்தால் உண்மையைக் கண்டறிந்திருக்க இயலுமாயின், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்று 19ஆம் பிரிவு கூறுகின்றது. சட்டத்தின் எல்லை அது. அறத்தின் எல்லையும் அதுவேயாகுமா?

வாங்குபவர் யார் என்று நோக்கினால் விடை தெளிவாகும். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள் உண்டு. அவ்வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் போயிற்று. ஓர் இரும்புப் பெட்டி, சில பாய்கள், சாமி படங்கள், மண்ணெண்ணெய் அடுப்பு ஆகியவையே அவர்களின் தளவாடங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபின், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, வங்கிக் கடனும் சேர்த்து, வாழ்நாளில் முதன்முறையாகச் சொந்த வீடு தேடுகின்றது அத்தகைய குடும்பம். பளபளக்கும் கூடத்தைக் கண்டு அது மயங்கி நிற்கும்போது, அலமாரியை நகர்த்திப் பார்க்கும் துணிவு அதற்கு வருமா? பிறர் வீட்டுப் பொருளைத் தொடுதல் மரியாதையன்று என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த மரியாதையே அவர்களுக்கு விரிக்கப்பட்ட வலையாகிவிடுகின்றது. சட்டம் கேட்கும் ‘இயல்பான கவனம்’ எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

விற்பவர் பக்கமும் நியாயம் உண்டு. அவரும் பெருஞ்செல்வர் அல்லர். மகளின் படிப்புக்கோ, தந்தையின் மருத்துவத்துக்கோ பணம் தேடி நிற்கலாம். வெடிப்பைச் சொன்னால் விலை குறையும். ஊரார் எல்லாரும் மறைக்கும்போது தாம் மட்டும் ஏன் இழக்க வேண்டும் என்று அவர் கேட்பது மனித இயல்பே. ஆயினும், குறையைச் சொல்லி விலையைக் குறைக்கும்போது இருவரும் அறிந்து அந்தச் சுமையைப் பகிர்கின்றனர். மறைத்து விற்கும்போதோ, சுமை முழுவதும் அறியாதவர் தோளில் ஏறுகின்றது. வள்ளுவர் வாய்மையைச் சொல்லின் வடிவத்தைக் கொண்டு அளவாமல், அதனால் பிறருக்குத் தீங்கு விளையாமையைக் கொண்டே அளந்தார். நாற்காலியும் அலமாரியும் பேசா. ஆயினும், அவற்றை வைத்தவரின் சொல்லாகவே அவை நிற்கின்றன.

எனவே, ஒப்பனையைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. வைத்த பொருளை எடுத்துவிட்டால், பார்த்தவர் ஏமாந்தவர் ஆவாரா? நால்வர் உண்ணும் மேசையை வைத்து, இவ்விடத்தில் ஒரு குடும்பம் அமர்ந்து உண்ணலாம் என்று காட்டினால், மேசை போனபின்பும் அவ்வுண்மை நிற்கும். வழக்கத்தினும் சிறிய கட்டிலை இட்டு அறையைப் பெரிதாகக் காட்டினால், அது எதனையும் மறைக்காவிட்டாலும் பொய்யே. சொந்தக் கட்டில் வந்திறங்கும் நாளில் அது வெளிப்பட்டுவிடும். பொருளை விளக்க வரும் அணி வேறு, பொருளின்மையை மறைக்க வரும் அணி வேறு என்பதைக் கட்டுரை எழுதும் மாணவரும் திருத்தும் ஆசிரியரும் நன்கறிவர். மனைக்கும் அதுவே இலக்கணம்.

சாமி மேடையையும் குடும்பப் படங்களையும் அகற்றுவது எத்தகையது? அதுவும் மறைத்தல் என்று கருதத் தோன்றலாம். ஆனால், விற்கப்படுவது வீடேயன்றி அதில் வாழ்ந்தோரின் நினைவு அன்று. வருபவர் சீனராகவோ, மலாய்க்காரராகவோ, வேறொரு தமிழராகவோ இருக்கலாம். அவர் தம் வாழ்வை அங்கே எண்ணிப் பார்க்க இடம் விடுவது, விடைபெறுபவர் செய்யும் கடைசி விருந்தோம்பல். வெட்கத்தால் அகற்றினால் அது இழிவு. பிறருக்கு இடம்விட அகற்றினால் அது பண்பு.

ஹீரன் தெருவில் 8ஆம் எண் இல்லம் ஒன்றுண்டு. டச்சுக்காரர் காலத்து எளிய கடைவீடு அது. மலேசிய மரபுடைமை அறவாரியமாகிய ‘பாடான் வாரிசான் மலேசியா’ அதனைச் சீரமைத்தபோது, தளவாடங்களால் நிரப்பவில்லை. சுவரின் அடுக்குகளையும் பழுதுபார்த்த இடங்களையும் காண்போர் கண்ணுக்குத் தெரியுமாறு விட்டுவைத்தது. வீடு தன் வயதையும் காயங்களையும் தானே சொல்லிற்று. அதனால் அதன் மதிப்புக் குறையவில்லை.

எல்லா வீடும் வெறுமையாய் நிற்க வேண்டியதில்லை. கூட்டுங்கள், துடையுங்கள், நாற்காலியை ஒளி படும் இடத்தில் வையுங்கள் என்றே அறமும் சொல்லும். வெடித்த சுவரின்முன் நிற்கும் அலமாரியை மட்டும், வாங்க வருபவர் கேட்பதற்கு முன்பே, விற்பவர் தம் கையால் நகர்த்திக் காட்டுதல் வேண்டும். அந்த ஒரு முழத் தொலைவில்தான் அலங்காரமும் வஞ்சனையும் பிரிகின்றன.