ஓட்டை ஒரு பொருளா?

பொம்மசந்திராவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெங்களூரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டை ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதுதான் காரணம். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் டோனட் சுட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. காற்றழுத்தம் குறைந்த ஊரில் பேக்கிங் பவுடர் சற்றுக் குறைவாகப் போட்டாலே மாவு எழும்பிவிடும்.

ஈஸ்ட் போட்டுப் பஞ்சுபோல ஊதும் டோனட் வேறு வகை. பழைய பாணி டோனட்டுக்கு ஈஸ்ட் வேண்டாம். மைதா, சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, ஜாதிக்காய்த் தூள், புளித்த கிரீம். அந்த கிரீம் கிடைக்காத வீட்டில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் போதும். பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கி, கனமாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டமும் பாட்டில் மூடியால் ஓட்டையும் வெட்டுவார்கள். எண்ணெய்ச் சூடு 165, 170 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதலில் அடியில் கிடந்து, பிறகு மெல்ல மேலே வந்து, மேல்புறம் தாறுமாறாக வெடிக்கும். வெடிக்க வேண்டும். வெந்நீரில் கரைத்த ஐசிங் சர்க்கரையில் முக்கும்போது இனிப்பு இறங்குவது அந்த வெடிப்புகளில்தான். தயிர், மிதமான சூடு, வெந்ததும் சர்க்கரையில் முக்கல் என்று பார்த்தால் பாதுஷாவுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

நடுவில்தான் வித்தியாசம். பாதுஷாவுக்குக் கட்டைவிரல் குழியோடு சரி. டோனட்டில் நடுப்பகுதியே கிடையாது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கப்பல்காரர் ஹான்சன் கிரிகரி, 1847இல் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று 1916இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் சொன்னார். அதுவரை டோனட்டின் ஓரம் வெந்திருக்கும், நடு மாவாகவே இருக்கும். கப்பலில் இருந்த மிளகுத்தூள் டப்பாவின் மூடியால் நடுவை வெட்டி எடுத்தாராம். உளுந்து வடை தட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பெருமை கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும்.

சமையல் கணக்கு அதோடு தீர்ந்தது. அந்த ஓட்டை என்பது ஒரு பொருளா, அல்லது ஒன்றும் இல்லையா என்ற கேள்வி அவ்வளவு சுலபத்தில் தீரவில்லை.

இல்லாமையைப் பற்றி இந்தியத் தத்துவக்காரர்கள் போட்ட சண்டை மிக நீளமானது. பிற்கால வைசேஷிகர்கள் உலகில் உள்ளவற்றைப் பதார்த்தங்களாகப் பிரித்து, இல்லாமையை ‘அபாவம்’ என்ற பெயரில் ஏழாவதாகச் சேர்த்தார்கள். அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த ஏழையும் மனப்பாடம் செய்கிறார்கள். மீமாம்சகர் குமாரிலர் இல்லாமையை அறிவதற்கென்றே தனிப் பிரமாணம் வேண்டும் என்றார். அதே மரபில் வந்த பிரபாகரர் மறுத்தார்: தரையில் பானை இல்லை என்றால், அங்கே இருப்பது வெறும் தரை, ‘இல்லாமை’ என்று வேறொன்று அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தமிழுக்கும் இந்த வழக்கு புதிதல்ல. வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை கேட்டறியும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று.

நியாய வைசேஷிகர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இல்லாமை என்றால் எதனுடைய இல்லாமை என்று சொல்லியாக வேண்டும். அந்த ‘எது’வுக்குப் பிரதியோகி என்று பெயர். டோனட்டில் பிரதியோகியைக் கையில் எடுத்தே காட்டலாம்: வெட்டி எடுத்த சிறு உருண்டை, அதே எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும். வடையில் அது முடியாது. விரல் மாவை ஒதுக்குகிறதே தவிர எதையும் வெளியே எடுப்பதில்லை. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அனுமன் ஜயந்தியன்று ஒரு லட்சத்து எட்டு வடைகளை மாலையாகச் சாத்துகிறார்கள். அத்தனை ஓட்டைகளிலும் மாவு வெட்டி எடுக்கப்படவில்லை. ஆனாலும் மாலை கட்டுபவருக்கு அவை டோனட்டின் ஓட்டையைவிட ஒரு விதத்திலும் குறைந்தவை அல்ல, கயிறு நுழைகிறது.

ஓட்டையை வெறும் அபாவம் என்று சொல்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டோனட்டைத் தின்று முடித்த பிறகு தட்டில் மாவின் இல்லாமை அப்படியே இருக்கிறது, முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது. ஓட்டை மட்டும் போய்விட்டது. ஆகவே இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

1970இல் தத்துவவாதிகள் டேவிட் லூயிஸும் ஸ்டெபனி லூயிஸும் சேர்ந்து, இரண்டு பேர் வாதாடுவதுபோல ஓட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பாலாடைக்கட்டி. வாதாடும் இருவரில், சடப்பொருளைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளாத ஆர்கிள், ஓட்டை என்பது அதன் உட்சுவர்தான் என்கிறார். பார்கிள் விடாமல் குறுக்குக்கேள்வி கேட்கிறார். காகிதத்தில் பார்கிளுடைய கேள்விகள் கூர்மையானவைதான். ஆனால் கடாய் முன் நிற்பவருக்கு ஆர்கிளும் பிரபாகரரும் சொல்வதே ஒத்துவரும். டோனட்டின் நடுவை வேகவைப்பது இல்லாமை அல்ல. ஓட்டைக்குள் புகுந்து நிற்கும் எண்ணெய். அது தொடுவது உட்சுவரை. மொறுமொறுப்பு சேர்வதும் சர்க்கரை ஒட்டுவதும் அதே சுவரில். ஆர்கிள் கணக்குப்படி ஓட்டையைத் தாராளமாகத் தின்னலாம்.

வெட்டும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓட்டை ஓர் அங்குலமாவது இருக்கட்டும். எண்ணெயில் மாவு உப்பும்போது சின்ன ஓட்டை மூடிக்கொள்ளும்.