ஆற்றின் உழைப்பும் அடியாரின் ஓய்வும்

கைகளால் உழைப்பதையும் ஆன்ம சாதனத்தின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்ட துறவிகள், அவ்வுழைப்பில் பெரும்பங்கை ஓர் ஓடையின் தலையில் ஏற்றிவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார்களானால், அவர்களுடைய விரதம் நிறைவேறியதாகுமா, பங்கப்பட்டதாகுமா? கேட்ட மாத்திரத்தில் குதர்க்கம் போலத் தோன்றும் இந்தக் கேள்வியை, தென்மேற்கு ஜெர்மனியில் மௌல்பிரோன் என்னும் சிற்றூரின் நடுவே மதில் சூழ நிற்கும் பழைய மடத்தின் முற்றம் எழுப்பாமல் விடுவதில்லை. அம்முற்றத்தில் கோயில் மட்டுமன்றி, தானியம் அரைத்த நீராலையும், அப்பம் சுட்ட கூடமும், மதுவுக்கு மரமிடாக் கட்டிய கொட்டகையும், கொல்லன் பட்டறையும், குதிரை லாயமும் இருக்கின்றன. லாயம் இப்போது நகரமன்றமாகிவிட்டது.

இந்த அமைப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. ஆறாம் நூற்றாண்டில் அர்ச்சிஷ்ட பெனடிக்ட் முனிவர் வகுத்த மடவிதியின் 66ஆம் அத்தியாயம், துறவிகள் வெளியே அலைந்து திரிவது அவர்களுடைய ஆன்மாவுக்கு உகந்ததன்று என்ற காரணத்தால், தண்ணீர், ஆலை, தோட்டம், தொழிற்கூடங்கள் முதலிய யாவும் கூடுமானவரை மதிலுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. அதற்கு முன்னதான 48ஆம் அத்தியாயமோ, சோம்பலை ஆன்மாவின் பகையென்று கண்டித்து, நாளின் இன்ன நேரம் கைவேலைக்கு, இன்ன நேரம் வேதவாசிப்புக்கு என்று பகிர்ந்து கொடுக்கிறது. இவ்விதியைத் தளர்வின்றி அனுஷ்டிக்க வேண்டுமென்று 1098இல் பிரான்சு நாட்டின் சித்தோ என்னுமிடத்தில் புறப்பட்டவர்களே சிஸ்டர்சியத் துறவிகள். அவர்களில் ஒரு கூட்டத்தார், முதலில் குடியேறிய இடம் தங்களுக்கு ஒவ்வாதெனக் கண்டு, 1147இல் மௌல்பிரோன் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். சுமை தாங்கி வந்த கோவேறு கழுதையொன்று ஓர் ஊற்றண்டை நின்று தண்ணீர் குடித்ததால் அவ்விடத்தில் மடம் எழுந்தது என்பது ஊரார் சொல்லும் கதை. கழுதை காட்டியதோ, அப்பகுதி ஆயர் ஒருவரின் தானமோ, வந்தவர்கள் கண்ட பள்ளத்தாக்கு நீர் கசியும் சதுப்பு நிலமாயிருந்தது. அங்கே அவர்கள் கரையிட்டும், கால்வாய் வெட்டியும், ஏரிகளை மேலும் கீழுமாகத் தொடுத்தும், மீனுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்றென்று தண்ணீருக்குத் தொழில் பிரித்துக் கொடுத்தார்கள். 1993இல் இம்மடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டபோது, கோயில் கட்டடத்தைப் போலவே இந்த நீர்ப்பணியும் போற்றப்பட்டது.

அக்காலத் துறவிகள் ஆலையை எந்தக் கண்ணால் கண்டார்கள் என்பதற்கு ஓர் அரிய சாட்சியம் உண்டு. பிரான்சிலுள்ள கிளேர்வோ மடத்தைப் பற்றி, பெயர் தெரியாத ஒருவர் லத்தீனில் எழுதிய வருணனை அது. ஆறு மதிலுக்குள் நுழைவது முதல் வெளியேறுவது வரை அது செய்யும் ஊழியங்களை அவர் ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறார். முதலில் ஆலைக்குள் பாய்ந்து தானியத்தை அரைத்து மாவைச் சலிக்க உதவுகிறது. பின்பு மதுக்கொப்பரையை நிரப்புகிறது. கம்பளி துவைக்கும் கனத்த உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தோல் பதனிடுவோரிடம் செல்கிறது. கடைசியில் கழிவுகளையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எத்தனை குதிரைகளின் முதுகு ஒடிந்திருக்கும், எத்தனை மனிதரின் தோள் சோர்ந்திருக்கும், அவ்வளவையும் இந்த ஆறு ஏற்றுக்கொண்டதே என்று உருகி, அவர் ஆண்டவனுக்கு நன்றி செலுத்துகிறார். தன் விரதத்துக்கு ஊறு நேர்ந்ததென்ற கூச்சம் அவரிடம் அணுவளவும் இல்லை. நான் இதில் ஒரு தெளிவைக் காண்கிறேன்: பெனடிக்ட் கேட்டது சோம்பலின்மையே தவிர வருத்தமன்று, உடலை வருத்துவதையே புண்ணியமென்று எண்ணியிருந்தால், அவர் தம் விதியில் ஆலைக்கு இடம் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே, மிச்சமாகும் நேரம் வாசிப்புக்கும் தியானத்துக்கும் போகுமளவும், ஆற்றை வேலைக்கு வைத்துக்கொண்டதில் தோஷம் காண்பதற்கில்லை.

ஆனால் மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று? மௌல்பிரோன் கோயிலின் உள்ளே, நடுவில் ஒரு கற்சுவர் குறுக்கே நிற்கிறது. அதன் கிழக்கே பாடகத் துறவிகள். மேற்கே, எழுத்தறியாமல் விரதம் பூண்டு, வயலிலும் பட்டறையிலும் ஆலையிலும் உழைத்த சகோதரர்கள். இவர்களுக்கு உணவுக்கூடமும் வேறு. ஒரே மந்தை, ஒரே மேய்ப்பன் என்று பாடிய கோயிலிலேயே, ஆறு ஈட்டித் தந்த ஓய்வு சுவருக்குக் கிழக்கே சென்றதென்றும், ஆற்றை நடத்தும் பொறுப்பு மேற்கே நின்றதென்றும் சொன்னால் அது மிகையாகாது.

அடுத்த சறுக்கலைத் துறவிகள் தாங்களே முன்கூட்டி அறிந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட சிஸ்டர்சிய விதிகள், பிறர் உழைப்பிலிருந்து வரும் தசமபாகம், குடியானவர் வாழும் கிராமங்கள், நிலவாடகை, அப்ப அடுப்பு, ஆலை ஆகியவற்றின் வருமானத்தை மடங்கள் கொள்ளலாகாதென்று தடுத்தன. உன் மாவை அரைத்துக்கொள், அயலானின் மாவில் பங்கு கேட்காதே என்பதே அதன் கருத்து. ஒரே சக்கரம், ஒரே தண்ணீர். ஆயினும் முன்னது சாதனம், பின்னது சொத்து என்று பிரித்தறிந்த அந்த விவேகம் நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பல மடங்கள் ஆலைகளைத் தானமாகவும் விலைக்கும் பெற்று, குத்தகைக்கு விடத் தொடங்கிவிட்டன. நாட்டிலோ, இன்ன ஊரார் இன்ன ஆலையிலேதான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் வேரூன்றியிருந்தது. தானியத்தில் ஒரு பங்கை ஆலைக்காரன் எடுத்துக்கொள்வான். அவன் எடுக்கும் அளவின் நேர்மையைப் பற்றி ஊர் முழுதும் சந்தேகப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எய்க்கே ஃபான் ரெப்கோ தொகுத்த சாக்சனிய நீதிநூல், ஆலையைக் கோயிலோடும் கல்லறையோடும் சேர்த்து விசேஷப் பாதுகாப்புக்கு உரியதாக்கி, அங்கே கொள்ளையிடுபவனுக்குக் கொடிய மரண தண்டனை விதித்தது. ஆனால் ஜெர்மானிய நாடுகள் பலவற்றில் ஆலைக்காரனோ கௌரவமற்ற தொழிலினனாக ஒதுக்கப்பட்டான். அவன் பிள்ளைகளைத் தொழிற்சங்கங்கள் சேர்க்க மறுக்கக் கூடாதென்று 1548இல் பேரரசே சட்டமியற்ற வேண்டியதாயிற்று. கட்டடத்துக்குப் புனிதம், அதில் உழைப்பவனுக்கு இழுக்கு என்ற இந்த விபரீதத்தை ஜெர்மனிக்கு மட்டும் உரியதென்று யாரும் சொல்லிவிட முடியாது.

1525இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது மௌல்பிரோனும் அவர்கள் கையில் அகப்பட்டது. மெம்மிங்கன் நகரில் அவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் நான்காவது, ஓடும் நீரில் மீன் பிடிக்கவும் ஏழைக்கு உரிமையில்லை என்பது கடவுளின் வசனத்துக்கு ஒவ்வாதென்று முறையிட்டது. ஓடும் நீர் யாருடையது என்று கேட்பதற்கு அவர்கள் வேதத்தையே துணைக்கு அழைத்தார்கள். அதே வேதத்தை ஓதுவதற்கான நேரத்தைப் பெறவே துறவிகள் நீரைக் கட்டியிருந்தார்கள்.

அதன்பின் வூர்ட்டம்பர்க் கோமகன் சீர்திருத்த சமயத்தைத் தழுவியதும் மடம் கலைந்தது. 1556இல் அது போதகராகப் போகும் மாணவர்களுக்கான பள்ளியாயிற்று. வானியல் அறிஞர் யோகன்னஸ் கெப்ளர் 1586 முதல் மூன்றாண்டுகள் அங்கே பயின்றார். தேர்வில் வென்ற ஏழைச் சிறுவனுக்கும் செலவின்றி உணவும் படிப்பும் அளித்த இந்த ஏற்பாட்டை, மடத்தின் பழைய செல்வத்துக்குக் கிடைத்த நல்ல பிரயோஜனம் என்றே நான் கருதுவேன். ஆயினும், 1891இல் அங்கே சேர்ந்த ஹெர்மன் ஹெஸ்ஸே என்னும் சிறுவன், மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் மதிலைத் தாண்டி ஓடிப்போய்ப் பனியில் ஓரிரவு கிடந்தான். பிற்காலத்தில், 1906இல் நூலாக வெளிவந்த 'சக்கரத்தின் அடியில்' என்ற நாவலில், அதே பள்ளியில் படித்து நைந்துபோன ஒரு கெட்டிக்காரப் பையனின் கதையை அவர் எழுதினார். அந்தப் பையன் தானியம் அரைத்ததில்லை, கம்பளி துவைத்ததில்லை. அவனுடைய நேரம் முழுவதும் பாடத்துக்கென்று விடுவிக்கப்பட்ட நேரம்தான். ஆனால் அதில் ஒரு நாழிகையாவது அவனுடையதாக இருக்கவில்லை. பெனடிக்ட் வாசிப்புக்கு நேரம் ஒதுக்கியபோது, வாசிக்க வந்தவன் தானே விரும்பி விரதம் பூண்டவனென்று எடுத்துக்கொண்டார். பதினான்கு வயதில் அரசாங்கத் தேர்வு எழுதி வந்து சேருபவனை அவருடைய விதி எதிர்பார்க்கவில்லை.