தாழிட்ட கதவுக்குப் பின்னால்

கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், முந்திரித் தோப்பு ஒன்றின் எதிரே, சென்ற ஆடி மாதம் ஒரு நாய் பத்து நாள்களுக்கு மேலாக நின்றுகொண்டிருந்தது. வெள்ளை நிறக் கார் ஒன்றிலிருந்து அதனை இறக்கிவிட்டுச் சென்றதைத் தோப்புக் காவலர் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கார் எது வந்தாலும் சிறிது தூரம் பின்னால் ஓடும். பிறகு இறக்கிவிடப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். தேடி வருகிறவர்கள் அங்கேதானே வருவார்கள்!

முடிவில் உபதேசியாரும் நானும் சென்று அதனைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தோம். 'மணி' என்று பெயரிட்டவர் உபதேசியார். ஒரு நாய்க்கு வேறு பெயர் இருக்கக்கூடும் என்று அவர் நம்புவதில்லை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். நான்கே நாள்களில் அது என் நிழலாயிற்று. இது எனக்கு வியப்பாயிருந்தது. கைவிடப்பட்ட உயிர் எளிதில் எவரையும் நம்பாது என்றே எண்ணியிருந்தேன். ஆனால் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2001இல் கண்டது வேறு. காப்பகங்களில் கிடந்த வளர்ந்த நாய்களிடம் ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை வந்து பழகினால் போதும், அவரிடம் அவை பற்றுக்கொண்டுவிடுகின்றன. அரை மணி நேர அன்பு! அதற்கு முன்பே, 1998இல், தாயைப் பிரியும் குழந்தையின் நடத்தையை அறிய உளவியலார் வகுத்த சோதனையை நாய்களுக்கு வைத்துப் பார்த்து, நாயின் பற்று குழந்தையின் பற்றைப் பெரிதும் ஒத்திருப்பதாக அவர்கள் எழுதியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் கிளைக் கிராமம் ஒன்றில் அடக்கச் சடங்கு. மணியை அறைக்குள் விட்டுத் தாழிட்டுச் சென்றேன். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. கதவின் அடிப்பகுதி பிறாண்டிச் சிதைக்கப்பட்டிருந்தது. வழிபாட்டு நாள்காட்டி துண்டு துண்டாகக் கிடந்தது. என் வெள்ளை அங்கியின் ஒரு கை கிழிந்திருந்தது. அறை நடுவே சிறுநீர். தட்டில் வைத்துச் சென்ற சோறு மட்டும் தொடப்படவில்லை. அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. மணி மூலையில் ஒடுங்கி, காதுகளை மடித்து, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டது. "செய்யறதையும் செஞ்சுட்டு முழிக்கிற முழியைப் பாருங்க, சாமி" என்றார் உபதேசியார். எனக்கும் அது குற்றவாளியின் முகமாகவே தோன்றிற்று. பிரம்பை எடுத்தேன். எத்தனை அடி என்று எழுத வெட்கமாயிருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல.

அடுத்த முறை நான் வெளியே சென்றபோது அதன் நகங்களிலிருந்து இரத்தம் வரும் அளவுக்குக் கதவைப் பிறாண்டியிருந்தது. மீண்டும் ஒரத்தநாட்டுக்குச் சென்றோம். இது குறும்பன்று, பிரிவால் விளையும் பெரும் பதற்றம் என்று அங்கே மருத்துவர் விளக்கினார். சலிப்பினால் கடித்துக் கிழிக்கும் நாய் சோற்றை உண்டுவிடும். அஞ்சுகின்ற நாய்க்குத் தொண்டையில் இறங்காது. அடித்தால் தனிமையின் அச்சத்தோடு, திரும்பி வருபவனைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ளும். சில நாய்களுக்கு மருந்தே தேவைப்படுகிறது. மனிதரின் மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளூவாக்ஸெட்டினை நாய்களின் இந்தப் பதற்றத்துக்கென அமெரிக்க அரசு 2007இல் அனுமதித்திருக்கிறது.

அந்தக் 'குற்றவாளி முகத்தை'ப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் அறிஞர் 14 நாய்களை வைத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். நாய் உண்மையில் தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் அதட்டினாரா என்பதற்கே தொடர்பு. தவறே செய்யாமல் அதட்டப்பட்ட நாய்களிடம் அந்த முகம் இன்னும் தெளிவாகத் தோன்றியது.

இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒப்புரவுத் தொட்டியில் அமர்பவன் நான். சாவான பாவத்துக்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். அச்சத்தின் முகத்தையும் குற்றத்தின் முகத்தையும் பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. நாய் விஷயத்தில் மட்டும்தானா?

எனக்குப் பத்து வயதானபோது ஒரு விடுதியில் சேர்த்தார்கள். நான் உணவறையில் உண்டுகொண்டிருக்கையில், சொன்னால் அழுவேன் என்று அப்பா சொல்லாமலே புறப்பட்டுவிட்டார். நம் வீடுகளில் இது அன்பின் ஒரு தந்திரமாகவே கருதப்படுகிறது. அன்றிரவு பாயை நனைத்தேன். காலையில் விடுதிப் பொறுப்பாளர் முன் தலைகுனிந்து நின்றபோது, "தப்புன்னு தெரியுதுல்ல?" என்று கேட்டு அடித்தார். அவர் கொடியவரல்லர், நான் பிரம்பெடுத்த அன்று எவ்வளவு கொடியவனோ அவ்வளவே.

நம் இறையியல் மரபு விலங்குகளைக் குறித்துச் சிக்கனமாகவே பேசியிருக்கிறது. விலங்கைத் துன்புறுத்துகிறவன் நாளை மனிதரையும் துன்புறுத்தக்கூடும், ஆகையால் அது கூடாது என்பார் புனித தாமஸ் அக்குவினாஸ். மெய்யியலார் கான்ட் கூறியதும் ஏறக்குறைய அதுவே. குருமடத்தில் இதை எழுதித் தேர்ச்சியும் பெற்றேன். இப்போது அது எனக்குப் போதவில்லை. நான் பிரம்பை வீசியபோது முதலில் புண்பட்டது என்னுடைய மனிதத்தன்மை அன்று, மணியின் முதுகு. ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் முன் அதற்கே உரிய மதிப்பு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலில் தெளிவாகவே கற்பித்தார்.

எனினும், "மனுஷனுக்கே இல்லாத கரிசனை நாய்க்கா?" என்று பங்குப் பேரவையில் எழுந்த கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1992இல் இதையே எச்சரித்தது: விலங்குகளிடம் அன்பு கொள்ளலாம், மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்கு மடைமாற்றக் கூடாது.

மருத்துவர் சொன்ன பயிற்சி எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. சாவியை எடுத்துவிட்டு வெளியே செல்லாமல் மீண்டும் அமர வேண்டும். செருப்பை அணிந்து, கழற்ற வேண்டும். பிறகு வெளியே அரை நிமிடம். அது ஊளையிடத் தொடங்கும் முன்னரே திரும்ப வேண்டும். நாளடைவில் இரண்டு நிமிடம், ஐந்து, பத்து. சில நாள்களில் பத்திலிருந்து மீண்டும் இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தை எட்டியபோது, வெளியே சென்று அமர எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அடுத்த தெருவில் தனியாக வாழும் பாட்டி ஒருவரின் திண்ணையில் போய் அமர்ந்தேன்.

கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பது ஏன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். பிறகு, "நாய்க்குக்கூட நேரம் பாத்துத் திரும்பிப் போறீங்க, சாமி. சிங்கப்பூருல இருக்க எம் மவன் வர்றேன் வர்றேன்னு நாலு பொங்கல் போயிருச்சு" என்றார். அதில் குறை இல்லை. செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னார். அன்றிலிருந்து பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே செல்கிறேன். ஒரு நாயின் பொருட்டே அந்த வீட்டுக்கு ஒழுங்காகச் செல்லத் தொடங்கினேன் என்பது ஒரு பங்குத் தந்தைக்குப் பெருமை சேர்ப்பதன்று.

யோவான் நற்செய்தியின் பிரியாவிடை உரையை இப்போது வேறு விதமாக வாசிக்கிறேன். ஆண்டவர் சீடர்கள் உறங்கும்போது நழுவிச் செல்லவில்லை. போகிறேன் என்று முன்னரே கூறுகிறார். அநாதைகளாக விடமாட்டேன் என்கிறார். உயிர்த்த பின்னரும் நாற்பது நாள் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கிறார். எம்மாவுசில் அப்பத்தைப் பிட்டவுடன் காணப்படவில்லை, எருசலேமில் அன்றிரவே நடுவில் நிற்கிறார். சீடர்களும் தாழிட்ட கதவுக்குப் பின்னால் அஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள். எவரையும் அவர் அதற்காகத் தண்டிக்கவில்லை.

மணி இப்போது மூன்று மணி நேரம் தனித்திருக்கிறது. ஆனால் வருகிற மே மாதத்தோடு இந்தப் பங்கில் எனக்கு ஐந்தாண்டு நிறைகிறது, பணிமாற்றம் வரும். சொல்லை விளங்கிக்கொள்ளாத ஒன்றுக்கு வாக்குறுதி தர முடியாது என்பது மெய்யியல் பாடம். ஆனால் ஒவ்வொரு முறை கதவைத் திறந்து திரும்பியபோதும் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? புதிய பங்கு இல்லத்தில் நாய்க்கு இடம் உண்டா என்பது என் கையில் இல்லை. எனவே, மூன்று மாதமாக வியாழன்தோறும் இரவில் மணியை உபதேசியார் வீட்டில் விட்டு வருகிறேன். முதல் வியாழனன்று விடியும்வரை அவர் வீட்டு வாசலில், பங்கு இல்லம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றதாம். சென்ற வியாழன் வைத்த சோற்றை இரவே உண்டுவிட்டது என்று காலைத் திருப்பலிக்கு வந்தபோது சொன்னார்.