தேய்வதற்கென்றே ஒரு பொருள்

பழைய கார் ஒன்றுக்கு என்ன டயர் போடுவது என்பது இந்தப் பத்திரிகையில் எழுதத் தக்க கேள்விதானா என்று கேட்கலாம். ஆறு வாரங்களாக வேறெதையும் ஒழுங்காக யோசிக்கவிடாமல் செய்தது இந்தக் கேள்விதான் என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

கார், 1968-ல் என் பெரியப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம்; சென்னையிலேயே செய்தார்கள். அவருக்குப் பின் என்னிடம் வந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. நான்கு டயர்களிலும் பக்கச்சுவர் வறண்ட ஏரிப் படுகைபோல வெடித்திருக்கிறது.

எனக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, அந்தக் காலத்து 5.20-13 அளவில், அந்தக் காலத்துத் தோற்றத்திலேயே இன்றும் வெளிநாட்டில் செய்யப்படும் டயர். கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் அதில் ஒன்றின் விலைக்கு இங்கே நான்கு வாங்கலாம். இரண்டு, சிறிய கார்களுக்காக இப்போது எங்கும் கிடைக்கும் 145/80 அளவு, 13 அங்குல ரேடியல். மூன்று, ஒரு கடையின் பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடந்த, கடைக்காரர்கள் நைலான் என்று சொல்லும் கிராஸ்-ப்ளை டயர்கள். சரியான அளவு, சரியான முகம். விலையோ ரேடியலில் பாதி.

“ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது சார். புதுசு” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. பட்டன் அப்படியே இருந்தது. சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் கேட்கிறது; இதில் அதைப்போல் நாலைந்து மடங்கு. ஆனால் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 2309 என்றிருந்தது. 2009-ன் இருபத்துமூன்றாம் வாரம். அன்றிலிருந்து அந்த ரப்பர் யாருக்கும் உழைக்காமல், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடும் ஓசோனோடும் சேர்ந்து கெட்டிப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஓசோனைத் தடுக்க ரப்பரில் கலக்கும் மெழுகும் ரசாயனங்களும், டயர் ஓடி வளையும்போதுதான் மேற்பரப்புக்குச் சரியாக வந்து சேர்கின்றன. சும்மா கிடக்கும் டயர் தன்னைக் காத்துக்கொள்வதும் குறைவு. பயன்படாமல் இருப்பதும் புதியதாக இருப்பதும் ஒன்றல்ல என்பது தெரிந்தும், அந்தக் கடையைவிட்டு உடனே வெளியே வர என்னால் முடியவில்லை. அவை ஹெரால்டுக்குப் பொருத்தமாக இருந்தன. என் சம்பளத்துக்கும் பொருத்தமாக இருந்தன. இரண்டு ஆசைகள் ஒரே பொருளில் கூடும்போது தர்க்கம் ஒதுங்கி நின்றுவிடுகிறது.

பழைய கார்களை என்னைவிட அதிகம் நேசிக்கும் கவிஞ நண்பன் ஒருவன் ரேடியலை மோசடி என்றான். “வேஷ்டிக்கு மேல் கோட்டு மாதிரி இருக்கும்” என்றான். அவன் பேச்சில் ருசி மட்டுமல்ல, விஷயமும் இருக்கிறது. கிராஸ்-ப்ளையில் இழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டு ஓடுகின்றன. ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓட, பட்டனுக்கு அடியில் தனியாக ஒரு பெல்ட் இருக்கிறது. பக்கச்சுவர் வளைந்தாலும் பட்டன் தரையில் படிந்தே நிற்கும். கிராஸ்-ப்ளை வழுக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். ரேடியல் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்து சட்டென்று விடும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் வளைவில் அளவு மீறினால் உள்ளே மடங்கக்கூடியவை. அதை ஓட்டுவது என்ற அனுபவத்தில் டயரின் அந்த முணுமுணுப்புக்கும் பங்கு உண்டு. ரேடியல் போட்டால் அது போய்விடும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ‘அசல்’ என்ற சொல்லை அவன் கையாளும் விதம்தான் எனக்குச் சம்மதமில்லை. மிஷலின் 1946-லேயே ரேடியலுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. ஹெரால்ட் பிறந்தபோது ரேடியல் உலகத்தில் இருந்தது, விலை அதிகம். அப்படியானால் நாம் இன்று பயபக்தியோடு அசல் என்று சொல்வது அன்றைக்குக் கட்டுப்படியான டயர், அவ்வளவுதான். ஒரு தலைமுறையின் சிக்கனம் அடுத்த தலைமுறைக்கு மரபாகிவிடுகிறது. இது டயர் விஷயத்தில் மட்டும் நடப்பதல்ல.

தீசியஸின் கப்பலை இங்கே யாராவது கொண்டுவருவார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸில் வாதித்ததாக புளூடார்க் எழுதுகிறார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் என்ன சொல்வீர்கள் என்று ஹாப்ஸ் பின்னால் கேட்டார். என் சங்கடத்துக்கு இது உதவவில்லை. அந்தக் கப்பல் ஞாபகச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது. அதன் பலகை நிலைப்பதற்காகச் செய்யப்பட்டு, நிலைக்காமல் போனது. டயர் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. தேயாமல் நிற்பது அதற்கு வெற்றியல்ல. 2021-ல் திருத்திய மோட்டார் வாகன விதிகளும், ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று ஏற்க சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன; டயர் அந்தப் பட்டியலில் இல்லை. பெரியப்பா டயரைச் செருப்பு என்பார். இரண்டு தடவை ரீட்ரேட் செய்து ஓட்டியவர். அவருடைய எந்தச் செருப்புக்கு நான் விசுவாசமாக இருப்பது?

கடைசியில் கேள்வி அழகியலிலிருந்து நழுவி வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய உள்ளங்கை அகலம். நான்கு உள்ளங்கைகள்தான் கார். ஈர ரோட்டில் நான் பிரேக்கை அழுத்தும்போது எதிரே பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளை வந்தால், மிச்சம் பிடித்த பணம் என்னுடையது, அதற்கான விலை அந்தப் பிள்ளையுடையது. அதனிடம் நான் அனுமதி கேட்கவில்லை. சிக்கனத்தை ஒரு ஒழுக்கமாகவே கற்று வளர்ந்தவன் நான். அது ஒழுக்கமாவது, நஷ்டம் தன்னோடு நிற்கும் வரைக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது. கடனை இன்னொருவர் கணக்கில் எழுதுவதற்கு என் உத்தியோகத்தில் வேறு பெயர் இருக்கிறது. வெளிநாட்டு டயர் வாங்க வசதியில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. வசதியில்லை என்பதையே நியாயமாக வைத்து அந்த 2009 டயரை மாட்டியிருந்தால் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

ரேடியல்தான் வாங்கினேன். பழைய ரிம் என்பதால் உள்ளே ட்யூப். இரண்டு வகையைக் கலந்து போடக்கூடாது என்பதால் நான்கும் ஒரே நாளில். ஸ்டியரிங் நிறுத்தும்போது கனக்கிறது. ஓடும்போது கார் நேராகப் போகிறது. நண்பன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது டயருக்குப் பணம் போதவில்லை. டிக்கியில் ஸ்டெப்னியாக இன்னும் பெரியப்பாவின் வெடித்த டயர்தான் இருக்கிறது. ராத்திரி எங்காவது பஞ்சர் ஆனால் அதை மாட்டிக்கொண்டு வீடுவரை மெதுவாக வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மேலே எழுதியதெல்லாம் அப்போதும் செல்லும் என்பது எனக்குத் தெரியும்.