நினைவில்லாத பாவம்

2002 இறுதியில் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் 13 பகுதிகளாக வந்த ‘ஹைபானே ரென்மெய்’ என்ற அனிமேயைப் பார்த்து முடிக்கும் ரசிகர், பெரும்பாலும் உடனே முதல் பகுதியை மறுபடி போட்டுப் பார்க்கிறார். எங்கோ ஒரு துப்பைத் தவறவிட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவரை விடுவதில்லை.

மதில் சூழ்ந்த ஓர் ஊர். மதிலைத் தாண்டிப் போய்வரப் பறவைகளுக்குத் தடையில்லை. ஊராருக்கு அது முடியாது. அங்கே பாழடைந்த கட்டடம் ஒன்றில், ஆளுயரக் கூடுகளிலிருந்து சிறுவர் சிறுமியர் பிறக்கிறார்கள். பேசத் தெரிகிறது, நடக்கத் தெரிகிறது, ஆனால் தங்கள் பெயர் தெரியவில்லை. கூட்டுக்குள் கண்ட ஒரு கனவு மட்டும் மிச்சம். அதை வைத்தே பெயர் சூட்டுகிறார்கள். வானத்திலிருந்து விழுவதாகக் கனவு கண்டவள் ரக்கா. அந்தக் கனவில் ஒரு காகம் அவள் உடையைக் கவ்வி, விழவிடாமல் இழுத்துப் பார்க்கிறது. அதனால் முடியவில்லை.

சிறகு உண்டு, தலைக்கு மேல் ஒளிவட்டம் உண்டு. தேவதைகள் என்று முடிவு கட்டலாமென்றால் தொடர் அதற்கு இடம் தருவதில்லை. ஒளிவட்டத்தை அச்சில் வார்க்கிறார்கள். ரக்காவின் தலையில் அது நிற்காமல் நழுவ, கம்பி கட்டி நிறுத்துகிறார்கள். சிறகு முளைக்கும் இரவு இன்னும் கொடுமை. காய்ச்சலில் அனத்தும் அவள் முதுகைக் கிழித்துக்கொண்டு, ரத்தம் தெறிக்க அவை வெளியே வருகின்றன. ரெக்கி என்ற மூத்தவள், ரத்தம் காய்ந்து கறை படிவதற்குள் இறகு இறகாகச் சுத்தம் செய்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சிறகுகளால் பறக்கவும் முடியாது. இவர்கள் புதுப்பொருள் வாங்கக்கூடாது, பணம் வைத்துக்கொள்ளக்கூடாது. பேக்கரியிலோ நூலகத்திலோ வேலை செய்துதான் பிழைக்க வேண்டும். ரெக்கி சிகரெட் பிடிக்கிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். சர்ச் சுவர் ஓவியங்களில் இப்படியொரு தேவதையைப் பார்க்க முடியாது.

இதை எழுதியவர் யோஷிதோஷி அபே. 1998இல் வந்த ‘சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்’ தொடரின் பாத்திரங்களை வடிவமைத்தவர். தாமே அச்சிட்டு வெளியிட்ட சிறு காமிக்ஸ் ஒன்றிலிருந்துதான் இந்தத் தொடர் வளர்ந்தது. மதில் நகரத்தை ஹருகி முரகாமியின் 1985ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் தாக்கத்தில் படைத்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஊர் எங்கே இருக்கிறது, இவர்கள் யார் என்பதற்குத் தொடரில் விடை கிடையாது.

விடையில்லாத இடத்தை ரசிகர்கள் நிரப்பாமல் விடுவார்களா? மிகப் பரவலான விளக்கம் இது: இவர்கள் சிறுவயதில் இறந்தவர்கள், ஊர் ஒரு இடைத்தங்கல், கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் போல. சிலரது சிறகு கறுக்கிறது, அவர்களை ‘பாவம் பற்றியவர்கள்’ என்கிறார்கள். இந்தக் கறுத்த சிறகினர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களாம். ரக்காவின் வீழ்ச்சியும் ரெக்கியின் கனவில் வரும் ரயிலும் இதற்குச் சாட்சி.

விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இடிக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாவுக்குத் தான் செய்தது தெரியும். ரக்காவுக்குத் தெரியாது. நினைவே இல்லாத செயலுக்கு ஒருவர் குற்றவாளியாக முடியுமா? தத்துவஞானி ஜான் லாக் தம் நூலின் 1694ஆம் ஆண்டு பதிப்பில், மனிதரின் அடையாளத்தை நினைவோடு இணைத்து, தான் அறியாத ஒன்றுக்கு இறுதித் தீர்ப்பு நாளில் எவரும் பதில் சொல்ல வேண்டியிராது என்ற முடிவுக்கு வந்தார். லாக்கின் சட்டப்படி ரக்கா அன்றே விடுதலை. ஆனாலும் சிறகு கறுக்கிறது. அவள் கத்தரிக்கோலை எடுத்துக் கறுத்த இறகுகளை வெட்டுகிறாள்.

இந்தச் சிறகினரை மேற்பார்க்க ஒரு சபை உண்டு. காட்டுக்குள் முகமூடி அணிந்த அந்தச் சபைப் பெரியவர் ரக்காவிடம் ஒரு புதிர் போடுகிறார். தன் பாவத்தை உணர்ந்தவருக்குப் பாவமில்லை. அப்படியானால் நீ பாவியா? உணர்ந்தேன் என்றால் பாவமில்லை. பாவமில்லை என்று நினைத்த கணமே உணர்வு போய்விடுகிறது, மறுபடி பாவி. செக்குமாடு போலச் சுற்றிவரும் இந்த வட்டத்தில் அகப்பட்டிருப்பதுதான் பாவம் பற்றியிருப்பது என்று பெரியவர் குறிப்புக் காட்டுகிறார்.

இது தர்க்க விளையாட்டு அல்ல. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்த கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் இதே வட்டத்தில் மாட்டினார். செய்த பாவசங்கீர்த்தனம் போதவில்லை என்று திரும்பத் திரும்பப் பழையதைக் கிளறினார். மிகத் தெளிவாகத் தெரியும் பாவத்தைத் தவிர பழையது எதையும் சொல்ல வேண்டாம் என்று குரு கட்டளையிட்டார். இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! அறையில் இருந்த ஆழமான குழியில் குதித்துவிடலாமா என்ற சோதனைகூட அவருக்கு வந்தது. ரக்கா கிணற்றில் விழும் பகுதியை இதையறிந்து பார்ப்பவர் சற்று நேரம் படத்தை நிறுத்திவிடுவார்.

முடிவு தெரிய வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தொடரின் உண்மையான வழக்கு ரெக்கியுடையது. பிறக்கும்போதே கறுத்த சிறகு அவளுக்கு. மருந்து பூசி மறைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் எல்லோருக்கும் தாயாக இருக்கிறாள். கடைசிப் பகுதியில் உண்மையைக் கொட்டுகிறாள்: ரக்காவிடம் காட்டிய அன்பெல்லாம் தனக்கு மன்னிப்புக் கிடைப்பதற்காகத்தானாம். பாசாங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ரத்தம் துடைத்த இரவு நடந்ததுதான். ஆனால் அத்தனை நற்செயலும் சிறகை ஒரு துளியும் வெளுக்கவில்லை.

ஜப்பானிய ரசிகருக்கு இங்கே ஷின்ரான் நினைவுக்கு வரலாம். 1173இல் பிறந்து 1263இல் மறைந்த அந்தத் துறவி, சுயமுயற்சியால் கரையேற முடியாது, அமிதா புத்தரின் அருளே கதி என்றார். தன் நற்செயலை நம்பியிருப்பவரைவிட, தன்னால் ஆகாது என்று கைவிட்ட பாவியே அந்த அருளுக்கு நெருக்கமானவர் என்பது அவர் மரபின் பேர்போன தலைகீழ்ப் பாடம். ரெக்கி ஏழாண்டுகள் சேர்த்த புண்ணியம் செல்லாக்காசானது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. கனவில் கண்ட அந்த ரயில் நெருங்கும்போது அவள் வாய்விட்டு ‘காப்பாற்று’ என்கிறாள். அதுவரை அருகில் வர முடியாத ரக்காவால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகே பாய்ந்து அவளைத் தள்ளிவிட முடிகிறது.

ஆனால் ஷின்ரானிடம் புத்தர் இருக்கிறார், இந்த ஊரில் கடவுளே இல்லை. சபை இருக்கிறது, சடங்கு இருக்கிறது, விதிகள் ஏராளம், வணங்க எவருமில்லை. காப்பாற்ற வந்தவள் சில வாரங்களுக்கு முன்வரை கறுத்த சிறகோடு திரிந்த இன்னொரு சிறுமி. அருள் என்பது மேலிருந்து இறங்கியே ஆக வேண்டுமா, பக்கத்து அறையிலிருந்து வந்தால் ஆகாதா என்ற கேள்விக்குத் தொடர் துணிந்து ஒரு பதில் சொல்கிறது.

அந்தப் பதில்தான் புதுச் சிக்கலையும் கிளப்புகிறது. குறித்த காலத்துக்குள் பாவத்தின் பிடியிலிருந்து விடுபடாதவர்கள் சிறகையும் ஒளிவட்டத்தையும் இழந்து, மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி வாழ வேண்டுமென்பது ஊரின் விதி. விடுதலைக்கு இன்னொருவரின் காது தேவையென்றால், கூப்பிட்டும் யாரும் வராதவரைத் தண்டிப்பது என்ன நியாயம்? மதில் எதற்கு, ரயில் எதற்கு என்று அலசும் ரசிகர்கள் தொடரே பதில் சொல்லாமல் கடந்துபோகும் இந்த விதியை இன்னும் கொஞ்சம் குடைந்து பார்க்கலாம்.