பாக்கெட் எண்ணெய்

எங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய்ப் போத்தல் நிற்கிறது. லேபல் பாதி உரிந்துவிட்டது. கடையில் வாங்கும் பாக்கெட் எண்ணெயை அம்மா அதில் ஊற்றி வைப்பார். பாக்கெட்டுகள் இருக்குமிடம் சிங்குக்குக் கீழே, கதவுக்குப் பின்னால். வசதிக்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், வாசலில் உறவினர் கார் வந்து நின்றதும், மேசையில் கிடந்த பாக்கெட்டை அவர் அவசரமாக எடுத்து மறைத்தார். வசதி மட்டும் காரணமில்லை என்று அன்றுதான் புரிந்தது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மலேசியாவில் ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. மீதியை அரசாங்கம் ஏற்கிறது. 2016 நவம்பர் 1 முதல் போத்தல் எண்ணெய்க்கான மானியம் நின்று, இந்தப் பாக்கெட்டுக்கு மட்டும் தொடர்ந்தது. கோவிட் காலத்தில் விலை ஏறியபோது போத்தலுக்கும் கொஞ்ச நாள் கை கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் முடிந்தது. இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது அதே செம்பனை எண்ணெய்தான். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கடையில் யாரும் கேட்பதில்லை. எண்ணெய் எதில் அடைபட்டிருக்கிறது என்பதே கணக்கு.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியாளன். எங்கள் துறையில் இன்று பெரிய பேச்சே திறப்பதைப் பற்றித்தான். எந்த இடத்தில் கிழிய வேண்டுமோ அங்கே மட்டும் லேசரால் மெல்லிய கோடு போடுகிறோம். திறந்ததை மூட ஜிப் வைக்கிறோம். குழந்தை உணவுக்கும் சலவைத் திரவத்துக்கும் திருகு மூடி போட்ட வாய் வைக்கிறோம். ஒரு சாதாரண உருளைக்கிழங்கு வறுவல் பையில் அச்சுக்கு ஓர் அடுக்கு, காற்றைத் தடுக்க அலுமினியம் பூசிய ஓர் அடுக்கு, சூட்டில் ஒட்ட ஓர் அடுக்கு, உள்ளே நைட்ரஜன் வேறு. இத்தனையும் வறுவல் நமுத்துப் போகாமல் இருக்க.

பாக்கெட் எண்ணெய்க்கு இதில் ஒன்றும் கிடையாது. வழவழவென்று கையில் நிற்காத பை. திறக்க ஒரு வெட்டு கூட இல்லை. சீல் வைக்கும் இடத்தில் துளி எண்ணெய் பட்டுவிட்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது, அதனால்தான் கடையில் அந்தக் கூடை எப்போதும் பிசுபிசுக்கிறது. வெட்டிவிட்டால் மூட முடியாது. காற்றும் வெளிச்சமும் பட்டு நாளானால் சிக்கு வாடை வரும். ஆகவே இந்தப் பாக்கெட் வீட்டில் ஒரு காலிப் போத்தல் இருக்கும் என்று நம்பியே விற்கப்படுகிறது. பேக்கேஜிங்கின் மீதிப் பாதியை வாங்குகிறவர்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஊருக்கெல்லாம் செஞ்சி கொடுக்கிறியே, இதுக்கு ஒரு வாய் வைக்க முடியாதா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். முடியும். வாய் வைக்கச் செலவு ஆகும், ஓரத்தில் சின்ன வெட்டு வைக்கச் செலவு இல்லை என்றே சொல்லலாம். விலை கட்டுப்பாட்டில் இருக்கிறது, லாபம் சொற்பம், அதனால் யாரும் மெனக்கெடுவதில்லை என்று பதில் சொன்னேன். மறுநாள் வேலையிடத்தில் ஒரு மூத்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நல்லா செஞ்சா எல்லாரும் வாங்கிருவாங்க தம்பி."

இந்த வாக்கியம் என்னை விடவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி 1849இல் கிட்டத்தட்ட இதையே எழுதியிருக்கிறார். அக்கால ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லை. கூரை போடுவது பெரிய செலவில்லை. ஆனால் போட்டால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவான். ஏழையை நனைப்பது நோக்கமல்ல, வசதியுள்ளவனைப் பயமுறுத்துவதே நோக்கம். நனைகிறவன் என்னவோ ஏழைதான்.

நம் பாக்கெட்டை யாராவது உட்கார்ந்து திட்டமிட்டு அசிங்கமாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அசிங்கமாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று பலரும் உள்ளூர நம்புகிறோம். உதவி சரியான ஆளுக்குப் போய்ச் சேர கொஞ்சம் அசௌகரியம் தேவை என்ற நம்பிக்கை.

அந்தக் கணக்காவது சரியாக வருகிறதா? மாதம் 60,000 டன் மானிய எண்ணெய் ஒதுக்கப்படுகிறது. அதாவது 60 மில்லியன் பாக்கெட். நாட்டின் மக்கள்தொகை 35 மில்லியனைக்கூடத் தொடவில்லை. கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒன்றரைக்கு மேல் வருகிறது. ஆனாலும் பல வாரங்களில் கடையில் கூடை காலி. கடத்துகிறவனுக்கு இந்தப் பாக்கெட் ஒரு தொல்லையே இல்லை. ஒரு பிளேடு, ஒரு புனல், ஒரு டிரம் போதும், நூறு பாக்கெட்டை வெட்டி ஊற்றிவிடுவான். என் வீட்டுக் கதையும் ஒழுங்கில்லை. எனக்குச் சம்பளம் வந்த பிறகும் நாங்கள் பாக்கெட்தான் வாங்குகிறோம். துப்புயி கணக்குப்படி நான் பயந்து ஓடியிருக்க வேண்டும். அம்மாவின் கை பழகிவிட்டது, அவ்வளவுதான். தாத்தா பால் வெட்டிய சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, அம்மா அங்கே உதிரிப் பழம் பொறுக்கியவர். அந்த எண்ணெயை மறைத்து வைக்க வேண்டியவரும் அவரே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

போத்தலைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். ஒரு கிலோவுக்குப் பாக்கெட் போத்தலைவிட மிகக் குறைவான பிளாஸ்டிக்கைத் தின்கிறது. சிறு பாக்கெட் என்றாலே இழிவு என்பதும் இல்லை. கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணனை சாஷேவின் முன்னோடி என்பார்கள். போத்தல் வாங்க முடியாதவரும் அதே பொருளை வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பூ அந்த வழியில்தான் ஊர் ஊராகப் போனது. அந்தச் சாஷேக்கள் இன்று வாய்க்காலை அடைப்பது தனிக் கதை. ஆனால் அங்கே பாக்கெட் உள்ளே கூப்பிட்டது. இங்கே தள்ளி நிற்கச் சொல்கிறது.

புந்தோங்கில் என் பெரியம்மா தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பார். மானிய எண்ணெய் வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு ஆகாது. ஆளுக்கு இத்தனைதான் என்று கடைக்காரரும் கணக்கு வைப்பார். போன முறை எங்கள் பங்கை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். தெரிந்தே செய்தேன். போன இடத்தில் மட்டும் நியாயம் பேசினேன்.

"வீட்டுலதான சுடறேன்? அப்ப இது வீட்டு உபயோகம் இல்லாம என்னாடா?"

பதில் வரவில்லை. பாக்கெட்டை ஒவ்வொன்றாக வெட்டிச் சட்டியில் ஊற்றினேன். பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட டப்பாக்கள் அடுக்கி இருந்தன. எண்ணெயில் மிச்சம் பிடித்த காசில் பாதி அந்த டப்பாவுக்கே போகிறதாம்.

"பிளாஸ்டிக் பையில போட்டா என்ன?"

"பையில போட்டா யாரு காசு கொடுத்து வாங்குவா? அத எடுத்துட்டு ஒரு வீட்டுக்குப் போக முடியுமா?" என்றவர், கை துடைத்துக்கொண்டே கேட்டார், "ஒங்க கம்பெனில இந்த டப்பா மலிவா கிடைக்குமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.