பத்திரமாக வந்து சேர்ந்தவரின் குற்றம்

வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-ல் ஒரு கப்பல் முதலாளியின் கதையை எழுதினார். கப்பல் பழையது. கட்டும்போதே அவ்வளவு நன்றாகக் கட்டப்படவில்லை. பலமுறை பழுதுபார்த்தும் ஆகிவிட்டது. புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது கிளம்ப வேண்டும். முதலாளிக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல்: ஒருமுறை முழுவதுமாகப் பிரித்துப் பார்த்துவிடலாமா? பார்த்தால் செலவாகும். பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். இத்தனை புயலைக் கடந்த கப்பல் இந்த ஒரு பயணத்தைக் கடக்காதா? பிழைப்புத் தேடிப் போகும் ஏழைகளை ஆண்டவன் கைவிட்டுவிடுவானா? உறுத்தல் அடங்குகிறது. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று வழியனுப்பிவைக்கிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்.

அவர் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. கிளிஃபோர்டு அதோடு விடவில்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் குற்றம் இம்மியும் குறையாது என்றார். பிரித்துப் பார்க்காமல் நம்புவதற்கு அவருக்கு உரிமை கிடையாது. அப்படி நம்பிய கணத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது. மூழ்கியதும் மூழ்காததும் அதிர்ஷ்டக் கணக்கு. சூரிய கிரகணத்தை ஆராயப் போன குழுவோடு 1870-ல் சிசிலிக் கடலில் கப்பல் விபத்தில் சிக்கி உயிர் தப்பியவர் இதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜொகூரின் மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் குடியேறிய தாமான்களிலும், வீட்டு வாசலில் நிற்கிறது. பெயர் புரோட்டோன் வீரா, அல்லது இஸ்வாரா, அல்லது பெரோடுவா கன்சில். மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். சிலவற்றில் மீட்டர் எப்போதோ நின்றுபோய், தூரமே ஒரு ஐதீகமாகிவிட்டது.

இந்த வண்டிகளைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டு 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், 1994-ல் வந்த 660 சிசி கன்சிலும் பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முதன்முதலில் நான்கு சக்கரம் தந்தவை. பழைய காரை ஓட்டுவது வெட்கமும் இல்லை, குற்றமும் இல்லை. ஒன்பது ஆண்டுத் தவணைக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று புதுக் காரைக் கழுவிக்கொண்டிருப்பவரைவிட, தவணை முடிந்த வண்டியைக் காப்பாற்றி ஓட்டுபவர் அறிவாளி. காப்பாற்றி ஓட்டினால்.

பட்டறையில் ஃபோர்மேன் கேட்கிறார்: "அண்ணே, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?" 

"அது நல்லாத்தானே புடிக்குது தம்பி."

ஜொகூரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேட்கும் பதில் இது. கப்பல் முதலாளி சொன்னதும் இதைத்தான்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி 140 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாமானுக்குள் பால் வாங்கப் போய்வரும்வரை வித்தியாசமே தெரியாது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போய், இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து வரும்போது எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழாகிறது. ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. நேற்றுவரை நன்றாகப் பிடித்த பிரேக்தான். நேற்று அதற்கு வைத்த சோதனை வேறு.

டைமிங் பெல்ட்டும் இதே இனம். அறுவதற்கு முன்னால் பெரும்பாலும் அது எதையும் சொல்லாது. பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துபோகும். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றியவரின் வண்டி நெடுஞ்சாலையில் காற்று வாங்கியபடி ஒழுங்காக ஓடும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஜொகூர்க் கடற்பாலத்தில், வெள்ளிக்கிழமை மாலை வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான், உள்ளே அடைத்திருக்கும் துருவும் படிவும் தம் கணக்கைக் கேட்கும். ரப்பர் குழாய்க்கு வயதாவது கிலோமீட்டரால் மட்டும் நடப்பதில்லை; நிறுத்தியே வைத்திருந்தாலும் வெடிப்பு விழும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கிறது: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதைக் குனிந்து படித்தவர்கள் எத்தனை பேர்?

டயரைப் பற்றிப் பேச்சு வந்தால் எலுமிச்சம்பழத்துக்கும் வந்தாக வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, பானெட்டில் சந்தனம் குழைத்துப் பட்டை போட்டு வண்டியை எடுக்கிறோம். பழத்தை வைக்கக் குனிகிற அதே குனிவில் டயரின் பள்ளத்தைப் பார்த்திருக்கலாம். பள்ளத்தின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பழம் வைத்தவர் கண்ணில் இது படுவதில்லை. தேடாதது கண்ணில் படாது.

நாம் மட்டும் இப்படி என்று தாழ்வு கொள்ளத் தேவையில்லை. மலாய்க்காரர் கண்ணாடியில் பயண துஆ ஒட்டியிருக்கிறார். சீனர் பட்டறையின் மூலையில் சிவப்பு மாடத்தில் ஊதுவத்தி புகைகிறது. எண் தட்டில் எட்டு வந்தால் சீனருக்குச் செல்வம், நமக்குச் சனி. நான்கு வந்தால் அவருக்குச் சாவு, நமக்கு ஒன்றுமில்லை. ஒரே எண்ணைத் தாங்கிய ஒரே வண்டி, விற்றவரிடம் அதிர்ஷ்டமாகவும் வாங்கியவரிடம் தரித்திரமாகவும் இருப்பது எப்படி என்று சாலையில் போகும் எந்த எட்டாம் எண் வண்டியையும் கேட்கலாம். மூன்று சமயத்தாரும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு: போல்ட்டை எத்தனை இறுக்கம் இறுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் தனி வேதம் இல்லை.

கறுப்புச் சட்டைத் தோழர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து போனதிலிருந்து எலுமிச்சையைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கு நல்ல பயிற்சி. ஆனால் அதே தோழர் பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டியிருப்பார். மாட்டிய பிறகு எண்ணெய்ச் செலவு குறைந்ததாகச் சத்தியம் செய்வார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய சாதனங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, பெட்ரோலைக் குறிப்பிடத்தக்க அளவு மிச்சம் பிடிப்பது ஒன்றுகூட இல்லை என்றது. கியர் பெட்டியில் இருப்பது 'லைஃப்டைம்' எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னதை அவர் மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார். யாருடைய ஆயுள் என்றாவது கேட்டிருக்கலாம். தாயத்தைக் கழற்றிய கழுத்தில் விளம்பரத்தைக் கட்டிக்கொண்டதற்குப் பெயர் பகுத்தறிவு என்றால் எனக்கு அதில் பங்கு வேண்டாம்.

இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை, பழையது என்றாலே ஆபத்து என்பது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இர்வ் கோர்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-ல் ஒரு வோல்வோ பி1800 வாங்கினார். 2013-ல் அதே காரில் முப்பது லட்சம் மைலைத் தொட்டார். கிலோமீட்டரில் ஏறக்குறைய 48 லட்சம். உலக சாதனை. ரகசியம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது சலிப்பூட்டும் பதில்: காரோடு கொடுத்த கையேட்டில் போட்டிருந்தபடி செய்தேன், எண்ணெயை வேளைக்கு மாற்றினேன், புதுச் சத்தம் கேட்டால் என்னவென்று பார்த்தேன். அவர் கார் நம் கன்சில்களுக்கெல்லாம் பாட்டன் வயது. அது ஆபத்தான வண்டியாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதில் என்ன இருக்கிறது, எதை எப்போது மாற்றியது என்று ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் காசு? அதுதான் கடைசி அரண். "தோட்டத்துப் பிள்ளைக்குச் சர்வீஸ் செய்ய ஏது பணம்" என்று உருக்கமாகக் கேட்பார்கள். பிரேக் எண்ணெய் மாற்ற ஆகும் செலவு குடும்பத்தோடு ஒருவேளை வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஆவதுதான். அதுவும் இல்லாத வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரிம் மாற்றவும் புகைக்குழாயைச் சத்தம் போடவைக்கவும் பணம் கிடைத்த கையில் பிரேக் பேடுக்கு மட்டும் இல்லை என்றால், அதற்கு வறுமை என்று பெயர் வைப்பது வறியவர்களுக்கு அவமானம்.

உண்மையான வறியவர் எங்கே இருக்கிறார் தெரியுமா? உங்கள் பானெட்டுக்கு முன்னால், மோட்டார் சைக்கிளில். விடியும் முன்பே சிங்கப்பூர் வேலைக்கு ஜொகூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பும் பைக்குகளில் ஒன்றில். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள்; அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஓட்டுநரின் அவசரம், தூக்கம், கைப்பேசி எனக் காரணங்கள் பல. நிற்காத வண்டி அவற்றில் ஒன்றுதான். ஆனால் தூக்கத்தைப் போல அது நம்மை அறியாமல் வருவதில்லை. மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்று, பார் பார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. காருக்குள் இருப்பவருக்குச் சாமி படமும் இரும்புக் கூடும் உண்டு. பைக்கில் இருப்பவருக்கு உங்கள் பிரேக் மட்டும்தான் உண்டு. உங்கள் நம்பிக்கையை அவரிடம் கேட்டா வைத்தீர்கள்?

2009-ல் ஒரு வாய்ப்பு வந்தது. பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிகள் ரோட்டெக்ஸ் எனும் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அந்த அக்டோபரில் அரசு அறிவித்தது. ஏழைகளின் வண்டியைப் பிடுங்கிப் புதுக் கார் விற்கும் சூழ்ச்சி என்று நாடே கொதித்தது. சில வாரங்களில் அரசு பின்வாங்கியது. எதிர்த்தவர்களின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது: பழையதைக் கொடுத்துப் புதிய உள்நாட்டுக் கார் வாங்கினால் தள்ளுபடி என்ற திட்டமும் அதே ஆண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வெற்றி பெற்றபோது நாம் எதைக் காப்பாற்றினோம்? லாரிக்கும் பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் குறித்த காலத்தில் பரிசோதனை உண்டு. சொந்தக் கார் பெரும்பாலும் கைமாறும்போதுதான் அந்தப் பக்கம் போகிறது. ஒரே கையில் இருபது ஆண்டு இருந்தால் இருபது ஆண்டும் அது வெறும் நம்பிக்கையில் ஓடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. பிரிட்டனில் 1960-ல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சோதனை கொண்டுவந்தார்கள்; தேறாதவை அத்தனை அதிகமாக இருந்ததால் அடுத்த ஆண்டே ஏழாகவும், 1967-ல் மூன்றாகவும் வயதைக் குறைத்தார்கள். அவர்களும் அதுவரை "நல்லாத்தானே ஓடுது" என்றுதான் இருந்தார்கள்.

அரசு மீண்டும் துணியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆயுத பூசையன்று ஜொகூர் ஆலயங்களின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கருவியைத் துடைத்துப் பார்த்து வைக்கும் நாளாக அது இருந்தால் எனக்கு அதில் சண்டையே இல்லை. அந்த வரிசையின் தலைமாட்டில் இரண்டு ஃபோர்மேன்களை நிறுத்துங்கள். கையில் டார்ச் விளக்கு, டயர் பள்ளம் அளக்கும் கருவி, பிரேக் எண்ணெயில் ஈரம் பார்க்கும் பேனா. தேறிய வண்டி உள்ளே போகட்டும், தேறாததற்குப் பூசை கிடையாது. பூசைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது பாவமில்லையா என்று நிர்வாகத்தில் ஒருவர் நிச்சயம் எழுந்து கேட்பார். மொட்டை டயருக்குக் கற்பூரம் காட்டி, பிள்ளைகள் நடமாடும் சாலைக்கு அனுப்பிவைப்பது என்ன கணக்கில் வரும் என்று அவரே சொல்லிவிட்டு உட்காரட்டும்.